வக்கடை

பொறி வைத்தது நான்தான்.
மல்வத்தைக்குப் போகும் வாய்க்கால் ஓரம்
மூன்று கம்பு, ஒரு பல்ப்,
கீழே சவர்க்காரம் கரைத்த அலுமினியத் தாச்சி.
கரண்ட், உதுமாலெவ்வையின் பம்பி அறையிலிருந்து.

ஏழு மணிக்கு ஏற்றினேன்.
எட்டு மணியளவில் முதலாவது வந்தது.

ஒரு நெல்மணி நீளம்.
பால் நிறம். சிறகில்
சாயத்தண்ணி சிந்தினாற்போல் இரண்டு மூன்று பொட்டு.
பறக்கிறது என்று சொல்ல முடியாது.
ஈரக் காற்று அதை
ஒரு கையிலிருந்து மறு கைக்கு
மாற்றிக்கொண்டிருக்கிறது.

படிவத்தில் இதற்கொரு கட்டம் உண்டு:
கூண்டுப்புழு, தாய் அந்து, எண்ணிக்கை.
அதற்குப் பக்கத்தில் குறிப்பு.
ஆறு வருடமாக அதில் நான்
கோடு மட்டும்தான் இழுத்திருக்கிறேன்.

உதுமாலெவ்வை வரம்பில் குந்தியிருந்து பார்க்கிறார்.
"இதா மிஸ் என்ட பயிரத் திண்டது?
இதுக்கு வாயும் இரிக்கா?"

இது இல்லை காக்கா, இதன் பிள்ளைகள்.

பிள்ளைகள் தண்ணீரில்.
இலை நுனியை அளவெடுத்து வெட்டி,
சுருட்டி, வாயில் ஊறும் நூலால் உள்ளே தைத்து
சட்டையாய்ப் போட்டுக்கொண்டு மிதக்கிற பிள்ளைகள்.
சட்டைக்குள் கொஞ்சம் தண்ணீர்.
அதுதான் மூச்சு.
சட்டை சிறுத்தால் வேறு இலை.
விதைத்து இருபத்தாறு நாள்,
வயல் முழுக்கக் கத்தரிக்கோல் ஓடினதுபோல்
வெளுத்துக் கிடக்கிறது ஆறு ஏக்கர்.

"மருந்து எழுதித் தாங்களன்."

மருந்து வேண்டாம். வக்கடையைத் திறவுங்கள்.
மூன்று நாள் வயல் காய்ந்தால் போதும்,
செவுளோடு பிறந்தவை
காற்றில் மூச்சு முட்டிப் போகும்.
கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வதுதான்.
இன்றைக்கு மட்டும் நாக்கு
எதிலோ தடக்கியது.

பயிற்சிக்குப் போனபோது படித்தது:
குளிர்தேசத்துக் குட்டைகளில்
இதற்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருக்கிறாளாம்.
பெரும்பாலும் அவளுக்குச் சிறகே சரியாக முளைப்பதில்லை.
தண்ணீருக்குள்ளேயே இருந்து,
ஓர் இரவு மட்டும் மேலே வந்து
மாப்பிள்ளையைக் கண்டுவிட்டு
திரும்ப இறங்கிவிடுவாளாம்.
விரிவுரை மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

உதுமாலெவ்வை மண்வெட்டியால் இரண்டு கொத்து.
தண்ணீர் முதலில் யோசித்தது,
பிறகு இறங்கியது.

டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒவ்வொன்றாய்ப் போகின்றன,
பச்சைக் குழாய்கள், சில நிமிர்ந்து, சில குப்புற,
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
வக்கடை வாயில் ஒரு சுற்றுச் சுற்றி
அடுத்த கண்டத்துக்குள்.

அடுத்த கண்டம் நேசமணியுடையது.
அது என் பிரிவு இல்லை.
அதற்கு வேறு போதனாசிரியர், வேறு படிவம்,
வேறு தாச்சி.

பூச்சி வலையை எடுத்துக்கொண்டு
சேற்றில் இறங்கினேன்.
வக்கடைக்கு வலை அகலம் போதவில்லை.
மிச்சத்துக்கு உதுமாலெவ்வை
தன் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு
குறுக்கே காலை வைத்தார்.
காலைச் சுற்றிக்கொண்டு போயின.

அந்தப் பக்கம் ஒரு டோர்ச்.
நேசமணியின் மகன் துஷ்யந்தன், கையில் பொல்லு,
யானைக்காக விழித்திருந்தவன்.
"ஆரு தண்ணி விர்ற?"

சொன்னேன். புழு வருகிறது தம்பி,
காலை வரை பொறுக்கச் சொல்லு,
வாய்க்காலுக்குத் திருப்பி விடுகிறோம்.

அவன் குனிந்து தன் வயலைத் தொட்டான்.
வெடித்துக் கிடந்த மண் சத்தமாய்க் குடித்தது.
"நாலு நாளாத் தண்ணி இல்ல அக்கா.
புழுவோட எண்டாலும் பறவாயில்ல,
விடுங்க."

அதற்கு என்னிடம் சிபாரிசு இல்லை.
உதுமாலெவ்வை என்னைப் பார்த்தார்,
பிறகு காலை எடுத்தார்.
நான் வலையை எடுக்கவில்லை. அவ்வளவுதான் செய்தேன்.

விடியப்புறம் தாச்சியை வடித்து எண்ணினேன்:
தாய் அந்து, நூற்றி எழுபத்தி மூன்று.
வலையில் குழாய்கள், இருநூற்றிப் பன்னிரண்டு.
குறிப்பில் எழுதினேன்:
தண்ணீரோடு போனவை கணக்கில் இல்லை.
சம்மாந்துறை அலுவலகத்தில் கேட்பார்கள்,
இதற்கு என்ன அர்த்தம் றிஸ்மியா என்று.

ஸ்கூட்டியை எடுத்தேன். ஹெல்மெட் கண்ணாடியில்
வெள்ளையாய் ஒன்று ஒட்டியிருந்தது.
உள்ளேயா வெளியேயா என்று
வீரமுனைச் சந்தி வரும் வரைக்கும்
தெரியவில்லை.